ஓணானும் ஐந்தாவது விதியும்

சாரணர் விதிகளை ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். ஐந்தாவது விதி, சாரணன் விலங்குகளுக்கு நண்பன் என்பது. சாயங்காலம் அதை ஒப்பித்துவிட்டு, கழுத்துத் துண்டைக்கூடக் கழற்றாமல் பழனிசெட்டிபட்டி வாய்க்கால் கரைக்கு ஓடுவோம், ஓணான் பிடிக்க.

தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்கு. வேலியில் அது அசையாமல் இருக்கிற நேரம் பார்த்து மெல்ல நீட்டி, கழுத்தில் மாட்டி ஒரு சுண்டு. பிறகு வாயைப் பிளந்து மூக்குப்பொடி. கிறுகிறுத்து அது சுற்றும், நாங்கள் கைதட்டுவோம். “ராமர் தண்ணி கேட்டப்ப அணிலு எளநி குடுத்துச்சு, இது மூத்திரத்தக் குடுத்துச்சுடா” என்று பெரிய பையன்கள் நியாயம் சொல்லிவைத்திருந்தார்கள். தலையை ஆட்டினால் கேலி பண்ணுகிறது என்று அதற்கும் ஒரு கல்.

பிளஸ் டூவில் தவளை. முல்லைப்பெரியாறு பாயும் வயல்களில் நாங்களே பிடித்துக்கொண்டு போவோம். மெழுகுத் தட்டில் நாலு கால்களிலும் குண்டூசி குத்தி, நெஞ்சைத் திறந்தால், மொச்சைக்கொட்டை அளவு இதயம் துடித்துக்கொண்டிருக்கும். படம் வரைந்து முடித்த பிறகும் துடித்தது. அதை நான் மறக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையிலேயே தவளையை அறுத்துப் படிக்கச் சென்னையின் புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு வழி கண்டது என்று பின்னால் கேள்விப்பட்டபோது, அந்தத் தட்டுதான் கண்ணில் வந்து நின்றது.

நாங்கள் பிறப்பதற்கு முன்பே சட்டம் வந்திருந்தது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் விடாமல் போராடியதன் பலன், 1960-இன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1962-இல் விலங்கு நல வாரியம் அவர் தலைமையில் சென்னையில்தான் தொடங்கியது. விலங்குகளிடம் அன்பாக நடக்க மக்களுக்குக் கற்றுத்தருவதும் வாரியத்தின் வேலை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆனால் வதைத்தவனுக்கு முதல் முறை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய், இன்றும் அதேதான். ஐம்பது ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள்? அதனால்தான் பள்ளிகளில் நடக்கும் விலங்கு நல மன்றங்களை நான் பெரிதாக நினைக்கிறேன். சட்டத்தால் முடியாததைச் செய்யும் பாரம் முழுக்க அந்த மன்றப் பிள்ளைகள் மேல்தான்.

பேத்தி ஆறாம் வகுப்பு. அவளும் அப்படியொரு மன்றத்தில் இருக்கிறாள். 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் தெருக்களில் ஓடியபோது, செல்போனோடு துரத்திய கூட்டத்தை டிவியில் பார்த்து, “அதுக்குத் தண்ணி யாரு வைப்பா தாத்தா?” என்று கேட்டவள். கோடை முழுக்க மாடிச் சுவரில் குருவிகளுக்கு மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறாள். ஆனால் எந்தப் பிராணியையும் கையால் தொட்டதில்லை. மன்றத்தில் ஓவியப் போட்டி உண்டு, உறுதிமொழி உண்டு. தொட்டுப் பழக வழியில்லை. அது எனக்குக் குறையாகவே படுகிறது.

போன வாரம் தொட்டித் தண்ணீரில் ஓணான் ஒன்று விழுந்து தத்தளித்தது. “தாத்தா, சீக்கிரம் வாங்க! எனக்குப் பிடிக்கத் தெரியல” என்று அழுதாள். எனக்குத் தெரியும். பிடரிக்குப் பின்னால் இரண்டு விரல், வயிற்றுக்கு உள்ளங்கை. சுருக்குப் போட்டுப் பழகிய அதே கை.

முருங்கை மரத்தில் விட்டேன். கொஞ்ச நேரம் பட்டையோடு ஒட்டிக் கிடந்தது. பிறகு நாலு அடி ஏறி, எங்களைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டியது. பேத்தியும் பதிலுக்குத் தலையை ஆட்டினாள்.