கிருமியில்லாத மாடு

வா மாப்ளே, திண்ணையில உக்காரு. உன் தொழுவத்து மருந்து வாடை தெருமுக்கு வரைக்கும் தூக்குது. ஆஸ்பத்திரி தெறந்துட்டியோன்னு நெனச்சேன். பண்ணையில ஒரு கிருமி இல்லாம ஆக்கப் போறியாமே, உங்க அத்தை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. அதுக்கு எதுக்கு இம்புட்டுச் செலவு? அய்யனார் கோயில்ல சுட்ட மண்ணுல ஒரு மாடு நிக்குது. சாணி போடாது, உதைக்காது, வங்கிக் கடனும் வேண்டாம். ஓட்டிட்டுப் போ.

உன் ஜெர்சி மாட்டுக்கு அசைபோடுற பெருவயிறு ஒண்ணு இருக்கே, நூறு லிட்டருக்கு மேல கொள்ளும். வைக்கோல மாடு திங்குதுன்னு நீ நெனைக்கிற. மென்னு அனுப்புறது மட்டும்தான் மாட்டு வேலை. நாரைக் கரைக்கிறது உள்ள குடியிருக்கிற கோடானுகோடிக் கிருமிக. அதுக புளிக்க வச்சு எறக்குற அமிலத்துலதான் மாட்டுக்குத் தெம்பே. மாடு பண்ணையாருன்னா அதுக பண்ணையாளுக. ஆள விரட்டிப்புட்டு நெல்லு எங்கேன்னு கேக்குறவன் நீ.

போன மாட்டுப் பொங்கலுக்கு என்ன பண்ணுன? பாசம் பொங்கி, ஒரு வாளிச் சோத்தையும் சக்கரைப் பொங்கலையும் வாயில தள்ளுன. வைக்கோலுக்குப் பழகுன வயித்துல இம்புட்டு அரிசிச் சோறு விழுந்தா புளிப்பு தலைக்கு மேல ஏறிரும். நாரைக் கரைக்கிற கூட்டம் செத்துப்போகும். மறுநா மாடு படுத்துருச்சு. டாக்டர் வந்து ஆப்பசோடா கரைச்சு ஊத்துனாரு. திருநாள் மாட்டுக்கா உனக்கான்னு அவரு கேட்டது இன்னும் என் காதுல இருக்கு.

ஆட்டுக்கதை இன்னும் கேவலம். மழை பெய்ஞ்சு இளம்புல்லு கண்டதும் வயிறு முட்ட மேயவிட்ட. இருக்குறதுலயே கொழுத்த கெடா துள்ளி விழுந்து செத்துச்சு. ஊருக்கண்ணுன்னு நீ மொளகாய் சுத்திப் போட்ட. அது துள்ளுமாரிப்பா. அதுக்குக் காரணமான கிருமி ஆட்டுக் குடல்ல சும்மாதான் கெடக்கும். திடீர்னு விருந்து கிடைச்சதும் பெருகி விசத்தக் கக்கும். மழைக்கு முன்னாடி கால்நடை மருந்தகத்துல தடுப்பூசி போட்டுருக்கணும். மொளகாயாவது மிஞ்சியிருக்கும்.

இன்னொண்ணு கேளு. குடல்ல வாழுற கிருமி ஒண்ணுக்கு ஈ.கோலைன்னு பேரு. 1885-ல எஷரிக்னு ஒரு ஜெர்மன் டாக்டரு கைக்குழந்தை மலத்துல கண்டாராம். நம்ம வயித்துலயும் இருக்கு, மாட்டு வயித்துலயும் இருக்கு. பெரும்பாலும் பரம சாது. அதுல ஒரு ரகம் போக்கிரி. 1982-ல அமெரிக்காவுல வேகாத மாட்டுக்கறி வடையைத் தின்னவங்களுக்கு ரத்தபேதி வந்தப்பத்தான் அதோட வண்டவாளம் தெரிஞ்சது. சின்னப் புள்ளைங்கன்னா கிட்னி வரைக்கும் போயிரும். மாட்டுக்கு ஒண்ணும் பண்ணாது. குத்தாலத்துல குளிக்கிறாப்புல நிம்மதியா மாடு அத சுமந்துக்கிட்டுத் திரியும். பாத்தாத் தெரியாது. நீயோ சுவருக்கு மருந்தடிக்கிற; சாணி அள்ளுன கையோட மடியப் புடிக்கிற. கிருமி உன்னையப் பாத்து வாயப் பொத்திச் சிரிக்காதா? கையக் கழுவு, மடியக் கழுவித் தொட, பாலக் காய்ச்சு. மூணுக்கும் காசில்ல. அதான் உனக்குப் புடிக்கல.

ஊசி விசயத்துக்கு வர்றேன். கொஞ்சம் கழிஞ்சா ஊசி, தும்முனா ஊசி. இப்படி வரைமுறை இல்லாம மருந்தக் குடுத்தா என்னாகும்னு கேளு. கொலிஸ்டின்னு ஒரு மருந்து. மனுசனுக்கு வேற எதுவும் கேக்காதப்ப எடுக்குறது. அத கோழி வளரட்டும்னு தீவனத்துல கலந்தாங்க, ஏதோ கருவேப்பிலை மாதிரி. 2015-ல சீனாக்காரங்க பன்னிக கிட்ட எடுத்த ஈ.கோலையில, அந்த மருந்த ஏய்க்கிற வித்தையக் கண்டுபுடிச்சாங்க. ஒரு கிருமி இன்னொண்ணுக்கு அத கைமாத்தாக் குடுத்துருமாம். நம்ம ஊர்ல கைமாத்துத் திரும்பி வராது. அங்க வட்டியோட பெருகுது. 2019-ல நம்ம அரசாங்கமும் பண்ணை விலங்குக்கும் கோழிக்கும் கொலிஸ்டின் கூடாதுன்னு தடை போட்டுருச்சு. ஊசி வேணுமா வேண்டாமான்னு டாக்டரு சொல்லட்டும்; மருந்துக்கடைக்காரன் சொல்ல வேண்டாம்.

இந்தா, காப்பியக் குடி. கருப்பட்டிக் காப்பிதான், பால் ஊத்தல. முந்தாநேத்து உன் மாட்டுக்கு ஊசி போட்டேல்ல? பாலக் குடிக்கக் கூடாதுன்னு டாக்டரு சொன்ன கெடு முடியிற வரைக்கும் நம்ம வீட்டுல இதான்.