கூரை தொடாத சுவர்

மகள் கோலாலம்பூர் பங்சாரில் ஸ்டூடியோ எடுத்திருப்பதாகப் போனில் சொன்னபோது, வங்கி வேலையை விட்டுவிட்டுப் படம் பிடிக்கக் கிளம்பிவிட்டாள் என்றே பயந்தேன். எங்கள் காலத்து ஸ்டூடியோ சிரம்பான் டவுனில் இருந்தது. தீபாவளிப் புதுச்சட்டையோடு குடும்பமே போய், சீலையில் வரைந்த அருவிக்கு முன்னால் மூச்சடக்கி நிற்போம். நேரில் போன பிறகுதான் விளங்கியது, அடுப்பும் கட்டிலும் நாற்காலியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும் ஒற்றை அறைக்கு இப்போது அந்தப் பெயர் என்று. மாத வாடகை 2,200 ரிங்கிட். முன்பணம் இரண்டு மாதம், தண்ணீர் மின்சாரத்துக்கென்று இன்னும் அரை மாதம்.

ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஏறக்குறைய இதே அளவு லயத்து வீட்டில் ஆறு பேர் இருந்தோம், வாடகையே இல்லாமல். (அம்மாவும் அப்பாவும் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றதுதான் வாடகை என்று அப்போது கணக்குப் போடத் தெரியவில்லை.)

லயத்து நடுச்சுவர் கூரை வரை போகாது. ஆளுயரம் தாண்டியதும் போதுமென்று நின்றுவிடும். தோட்டத்து வாழ்க்கை பாதி அந்த இடைவெளியில்தான் நடந்தது. "அக்கா, கொஞ்சம் புளி இருக்கா?" என்று அம்மா அண்ணாந்து கேட்டால் காகிதப் பொட்டலம் பறந்து வந்து விழும், பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசத்தைத் தொட்டுக்கொண்டே எங்கள் வெறும் ரசச்சோறு உள்ளே இறங்கும், இங்கே சட்டி தீய்ந்தால் அங்கிருந்து முதலில் சத்தம் வரும், இரவு பத்து மணிக்குத் தோட்டத்து இஞ்சின் நின்று விளக்கெல்லாம் அணைந்ததும் இருட்டில் ஒருவர் இரும, நாலு வீடு தள்ளி ஒரு குரல் "வெந்நீர் குடிங்க மாமா" என்று சொல்ல, அது யார் குரல் என்று ஊகித்தபடியே தூங்கிப்போவோம்.

இன்று இப்படி உருகுகிற நான்தான் அன்று அந்தச் சுவரை அடியோடு வெறுத்தேன். அப்பாவிடம் வாங்கிய ஏச்செல்லாம் மறுநாள் பள்ளி லாரியில் வசனம் பிசகாமல் எனக்கே திரும்பி வரும். கூரையைத் தொடும் சுவருள்ள வீட்டில்தான் இனி வாழ்வதென்று, விடுமுறையில் ரப்பர்ப் பால் மங்கு துடைத்துக்கொண்டே சபதம் போட்டேன். தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்து 1966இல் கோலாலம்பூரில் சட்டம் போட்டிருந்தார்கள். எல்லார் வீட்டுக் கதையையும் கேட்ட எங்கள் நடுச்சுவரின் காதில் அது மட்டும் விழவில்லை.

அந்த லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. பங்சாரும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம்தான். புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர் ஒட்டித்தான் ஊர்ப்பெயர் வந்தது என்பார்கள். மகளிடம் சொன்னேன்.

"அப்ப நாம மறுபடியும் எஸ்டேட்டுக்கே வந்துட்டோமாப்பா?"

"ஆமாம்மா. இந்தத் தடவை காசு குடுத்து."

அன்றிரவு சமையல் என் பொறுப்பு. பருப்பை அடுப்பில் ஏற்றிய பிறகு பார்த்தால் புளி இல்லை. பழக்கதோஷத்தில் அண்ணாந்தேன். சுவர் கூரையைத் தொட்டு, இடுக்கில்லாமல் பூசி, என் சபதத்தை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றி வைத்திருந்தது. மகள் கைப்பேசியைத் தட்டினாள். அரை மணி நேரத்தில் புளி வந்துவிட்டது, வாசல் காவலர் வரைக்கும். அட்டை இல்லாதவர் லிஃப்டில் ஏற முடியாதாம். இருவருமாகப் பத்தொன்பது மாடி இறங்கி, கையெழுத்துப் போட்டு, புளியோடு ஏறி வருவதற்குள் பருப்பு அடிப்பிடித்திருந்தது.