ரங்கநாயகி

கேள்வி: பேத்திக்கு ரங்கநாயகி என்று பெயர் வைக்க ஆசை. மகளோ, 'பாட்டி காலத்துப் பெயர்' என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: என் ஓட்டு உங்களுக்கே! ஒருகாலத்தில் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் நின்று 'ரங்கநாயகீ' என்று குரல் கொடுத்தால் நாலு வீட்டுத் திண்ணையிலிருந்து 'என்ன?' என்று பதில் வரும். அடக்கமான பெயர் என்று நினைப்பவர்கள் பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போய்ப் பார்க்கட்டும். உறையூர் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு திரும்பும் பெருமாளுக்கு ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திவிடுவார். வாழை மட்டையடி வேறு! நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்த பிறகுதான் சேர்த்தி. ஆண்டுக்கு ஒருமுறைதான் இருவரையும் சேர்த்துச் சேவிக்கலாம்.

தாயார் படிதாண்டாப் பத்தினி. அதே பெயர் கொண்ட திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாளோ, பெண்கள் மிருதங்கத்தைத் தொடவே தயங்கிய நாளில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் கற்று, மேடையேறி வாசித்தவர். எனக்கு இந்த இரண்டு பேரையுமே ரொம்பப் பிடிக்கும்.

பெயர் நீளம் என்று மகள் சொன்னால், பள்ளிக்கூடத் தோழிகள் முதல் நாளே 'ரங்கா' என்று சுருக்கிவிடுவார்கள். வீட்டில் மட்டும் முழுசாகக் கூப்பிடுங்கள்.