ஐகானைத் தேடும் நேரத்தில்…

கேள்வி: கடைக் கம்ப்யூட்டரில் பில் போட டேலி ஐகானைத் தேடிப் பிடிப்பதற்குள், சுங்குடிச் சேலை வாங்க வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறாரே?
– ஜவுளிக்கடைக்காரர், சின்னாளப்பட்டி

பதில்: தேடும் வேலையை விண்டோஸிடம் தள்ளிவிடலாம். டெஸ்க்டாப்பில் இருக்கும் டேலி ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ‘ஷார்ட்கட் கீ’ கட்டத்துக்குள் ‘டி’யைத் தட்டினால், கன்ட்ரோலும் ஆல்ட்டும் அழைக்காமலே வந்து ஒட்டிக்கொள்ளும். ஓகே கொடுத்த பிறகு, மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டேலி ஆஜர். ஷார்ட்கட் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருப்பது முக்கியம்.

மவுஸை விட மனமில்லாதவர்கள் டாஸ்க்பாரில் ‘பின்’ செய்துகொள்ளலாம்; ஒரே கிளிக். அங்கே முதலில் நிற்கும் ஐகானுக்கு விண்டோஸ் கீயும் 1-ம் போதும்.

கன்ட்ரோலும் ஆல்ட்டும் என்றதும் கன்ட்ரோல் ஆல்ட் டெலீட் நினைவுக்கு வருகிறதா? ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி அதை உருவாக்கியது கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யத்தான். பக்கத்துக் கடைக்குப் போனவரை அது திரும்ப அழைத்து வராது!