பரம திருப்தர்

பொறியியல் கல்லூரியில் வகுப்புக்கு ஒருவர் இப்படி இருப்பார். ஆன்லைன் படிப்பு எப்படி என்று கேட்டால் போதும். "சான்ஸே இல்ல மச்சி, வேற லெவல்!" என்பார். அவர்தான் பரம திருப்தர்.

ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் ஆன்லைன் பாடத் திட்டத்துக்கு இவரைப் போல ரசிகர் கிடைப்பது அரிது. ஜனவரியிலும் ஜூலையிலும் பருவம் பிறக்கும்போது முதல் ஆளாகப் பதிவு செய்வார். சேரக் காசில்லை, தேர்வெழுதத்தான் கட்டணம். உடனே புது நோட்டு, பிள்ளையார் சுழி, பாடத்தின் பெயர், அதற்கு இரண்டு நிறத்தில் அடிக்கோடு. பாதிப் பாடம் முடிந்த நிறைவு அப்போதே முகத்தில் தெரியும்.

வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் படுப்பார். எழுந்து பார்த்தால் நாலாவது வாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்தான் கணக்கு என்று விதி. மற்றவர்கள் அதை அவசரத்துக்கு வைத்துக்கொள்வார்கள். இவர் முதல் நாலு வாரத்தையும் லீவாகவே எடுத்துவிடுவார். மிச்ச எட்டுக்கு டெலிகிராம் குரூப் துணை. புதன் நள்ளிரவுக் கெடுவுக்குப் பத்து நிமிடம் முன்பு விடைகள் வரும். பத்து நிமிடமே அதிகம் என்பது இவர் கருத்து.

தேர்வை மட்டும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். "ஆன்லைன்னு சொல்லிட்டு பஸ் ஏறச் சொன்னா எப்படி?" என்று கொள்கை அடிப்படையில் கட்டணம் கட்டமாட்டார்.

அதே வகுப்பில் முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி. 12 அசைன்மென்டும் தானே போட்டு, தேர்வெழுதி, 90க்கு மேல் எடுத்துத் தங்கச் சான்றிதழ் வாங்கியவள். துறையில் கருத்துப் படிவம் கொடுத்தபோது ஐந்துக்கு மூன்றுதான் போட்டாள். ஏழாம் வாரக் கணக்கில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போனது, ஒன்பதாம் வாரத்தில் ஒரு படி தாண்டிப் போனது என்று பின்பக்கம் வரை எழுதியிருந்தாள்.

திருப்தர் ஐந்துக்கு ஐந்து. யோசனை என்ற இடத்தில் மட்டும், "பாடங்கள் அருமை. நீளத்தைக் குறைக்கலாம்."

துறைத்தலைவர் இரண்டையும் கூட்டி வகுத்தார். 'மாணவர் திருப்தி: நான்கு' என்று கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கான கோப்பில் ஏறியது. இப்போது அவருக்கும் திருப்தி.