மீனுக்கு என்ன தெரியும்?

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மீனைப் பற்றி எல்லாம் தெரியும். சாப்பிடாதவர்களுக்கு அதற்கு மேலும் தெரியும். எங்கள் வீட்டில் இரண்டு கட்சிக்கும் சேர்த்து ஒரே தலைவர், பெரியப்பா. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வறுபடும் வாசனை கூடத்துக்கு வந்ததும் அவருடைய உரையும் தொடங்கிவிடும். நடுமுள்ளை உருவிக்கொண்டே அவர் சொல்லும் தீர்ப்புகளுக்கு மேல்முறையீடு கிடையாது.

மீன் தின்ற வாயால் பால் குடித்தால் உடம்பில் வெள்ளைத் திட்டு வரும் என்பது முதல் தீர்ப்பு. அதனால் எங்கள் வீட்டில் மீன் நாளில் எல்லோருக்கும் கடுங்காப்பிதான். வெண்திட்டுக்குக் காரணம் வேறு. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் அடித்து அழித்துவிடுகிறது. அந்தப் பஞ்சாயத்தில் மீனும் இல்லை, பாலும் இல்லை. வங்காளிகள் தயிரிலேயே மீனைக் குழம்பு வைத்து ‘தொய் மாச்’ என்று விருந்தாளிக்குப் பரிமாறுகிறார்கள். இதைச் சொன்னேன்.

“அவங்க ஊர்த் தண்ணி வேறப்பா” என்றார் பெரியப்பா.

‘தண்ணி வேற’ என்ற வாதத்தை ஜெயித்தவர் இதுவரை யாரும் இல்லை.

அடுத்தவன் என் மைத்துனன். ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீனைப் போட்டு டிவி பக்கத்தில் வைத்திருக்கிறான். இவ்வளவு சின்ன இடமா என்று கேட்டால், “மூணு செகண்டுதான் மாமா அதுக்கு ஞாபகம். ஒரு சுத்து சுத்தி வந்தா, புது ஊருக்கு வந்த மாதிரி இருக்கும்” என்கிறான். 2003-ல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் தங்கமீன்களுக்கு ஒரு நெம்புகோல் வைத்துக் கொடுத்தார்கள். தள்ளினால் தீனி விழும். ஆனால் தினமும் ஒரு மணி நேரம்தான் விழும். மீன்கள் அந்த நேரத்தைக் கற்றுக்கொண்டு அப்போது மட்டும் மும்முரமாகத் தள்ள ஆரம்பித்தன. தீனி விழாத நேரத்தில் வீணாக அலட்டிக்கொள்ளவில்லை. மைத்துனன் தீபாவளிக்கு என்னிடம் ஐயாயிரம் கைமாற்று வாங்கினான். பொங்கலுக்குத் தருவதாகப் பேச்சு. சித்திரையும் பிறந்துவிட்டது. அந்த வீட்டில் மூன்று செகண்டு ஞாபகம் யாருக்கு என்று எனக்குத் தெரியும், மீனுக்கும் தெரியும்.

அத்தை டெல்டாக்காரர். அவர் கட்சி பனையேறிக் கெண்டை. பனைமரத்தில் ஏறிக் கள் குடித்துவிட்டு இறங்கும் மீன் என்று சத்தியம் செய்வார். சிரிக்கலாம் என்று பார்த்தால், அத்தைக்கு வெளிநாட்டுச் சாட்சியே இருக்கிறது. தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்த காலத்தில், 1791-ல், டால்டார்ஃப் என்ற அதிகாரி குளக்கரைப் பனையில் ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பார்த்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை அச்சிட்டது. பிறகு வந்த ஆய்வாளர்கள், மீனைத் தூக்கிப்போன பறவை மரத்தில் நழுவவிட்டிருக்கும் என்றார்கள். அத்தையிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இரண்டு வேளை சாப்பாட்டுக்கு அங்கேதான் போக வேண்டும்.

ஏறுகிறதோ இல்லையோ, நடப்பது நிஜம். மழை பெய்த ராத்திரியில் பனையேறி குளம் விட்டுக் குளம் மாறும். செவுள் மூடியை விரிக்கும். அதன் ஓரத்து முட்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வாலால் ஓர் உந்து. உடம்பு ஒருச்சாய்ந்து கொஞ்சம் முன்னே போகும். திரும்பவும் செவுள், திரும்பவும் வால். தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றை உறிஞ்சத் தனி உறுப்பு இருப்பதால் தரையில் மூச்சு முட்டாது. மூச்சு முட்டுவது தண்ணீரில்தான். மேலே வந்து காற்றை விழுங்க விடாமல் தடுத்தால் பனையேறி தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகும். விராலுக்கும் இதே கதி. மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்ற பழமொழி சரி. மீன் மூழ்கிச் சாகாது என்பதுதான் சரியில்லை.

விரால் என்றதும் ஞாபகம் வருகிறது. அத்தை அதைச் சாம்பல் போட்டுக் கல்லில் தேய்த்தபடி, “மீனுக்கு ஏது பாசம்? முட்டையப் போட்டுட்டுப் போயிடும்” என்பார். பல மீன்கள் அப்படித்தான். ஆனால் அவர் கையில் இருந்ததே விதிவிலக்கு. விரால் குஞ்சுகள் செக்கச்செவேல் என்று கூட்டமாகத் திரியும். பெற்றோர் அடியிலேயே காவல் இருக்கும். யாராவது கூட்டத்தைக் கலைத்தால் சீறிக்கொண்டு வரும். கடற்குதிரையில் கர்ப்பம் சுமப்பதே அப்பன்தான். இதைச் சொன்னபோது பெரியப்பா அவசரமாக ரசம் கேட்டார்.

பேத்தி ‘நீமோ’ படத்தைப் போட்டாள். அம்மாவை இழந்த மகனை அப்பா தேடிப் போகும் கதை. நிஜக் கோமாளி மீன்களில் பெண் இறந்தால் ஆணே பெண்ணாக மாறிவிடும். அதாவது நீமோவின் அப்பா தேடப் புறப்பட்டு, வந்து சேரும்போது அம்மாவாகியிருக்க வேண்டும். பேத்தி ஒரு நிமிஷம் யோசித்து, “அப்போ ஸ்கூல் ஃபார்ம்ல என்ன எழுதுவாங்க?” என்றாள். குடும்பத்தில் இப்படி ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் அவள்தான்.

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். பெரிய மீன்களின் உடம்பில் ஒட்டுண்ணி பொறுக்கித் தின்னும் விரல்நீள மீன் ஒன்று உண்டு. ஜப்பானின் ஒசாகாவில் அதன் தொண்டைக்குக் கீழே வண்ணப் புள்ளி வைத்துக் கண்ணாடி காட்டினார்கள். 2019-ல் ஆய்வு வெளிவந்தது. கண்ணாடியில் பார்த்த மீன், கீழே போய்த் தன் தொண்டையைத் தரையில் தேய்த்துப் புள்ளியை அழிக்கப் பார்த்ததாம். மீசையில் குழம்போடு கைகழுவும் இடத்துக் கண்ணாடியைக் கடந்து வந்த பெரியப்பா இதைப் பொறுமையாகக் கேட்டார்.

“அவ்வளவு புத்தி இருந்தா எதுக்குடா வலையில மாட்டுது?”

கூடம் அமைதியாகிவிட்டது. போன மாதம், பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று இந்தியில் கேட்டவனுக்கு ஓடிபி எண்ணை நிறுத்தி நிதானமாக, இரண்டு தடவை படித்துக் காட்டியவர் அவர். பெரியம்மாதான் முதலில் சிரித்தார்.