கைப்பிடி மண்

கேள்வி: சாமி, சடங்கு எதிலும் நம்பிக்கை இல்லாதவன் நான். ஊரில் பெரியப்பாவை அடக்கம் செய்தபோது வாய்க்கரிசி போட்டேன். குழியில் மூன்று கை மண்ணும் தள்ளினேன். கொள்கை தவறிவிட்டேனா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: வாய்க்கரிசியை அவர் சாப்பிடப்போவதில்லை என்பது பக்கத்தில் நின்ற பக்தருக்கும் தெரியும். மூன்று கை மண்ணால் குழி நிரம்பாது. மிச்சத்தை மண்வெட்டிதான் மூடும். 'போய்விட்டார்' என்று நம் கைக்கே புரியவைக்கத்தான் அந்த மண். வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு 10 குறள், நிலையாமைக்கு 10, சுற்றந்தழாலுக்கும் 10 என்று சமமாகவே பங்கு வைத்தார். முதல் பத்தில் உங்களுக்குச் சந்தேகம் இருக்கலாம். இரண்டாவதைக் குழிமேட்டில் நின்று படித்துவிட்டீர்கள். மூன்றாவது பாக்கி: பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் பெரியம்மாவைப் போய்ப் பாருங்கள்.